தேவானை பார்த்த சட்டையும் நான் பார்த்த கையும்

எங்கள் தெருவில் தேவானையிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மந்தைவெளியில் பதினான்கு வீடுகள் உள்ள எங்கள் ஃப்ளாட்ஸின் சுற்றுச்சுவரை ஒட்டி, இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய இஸ்திரி வண்டி நிற்கிறது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது இருக்கும். கரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவாள். ஆனால் எதையும் மறக்க மாட்டாள்.

முதல் மாடியில் ஒரு பேங்க் மேனேஜர் குடியிருந்தார். ஒருநாள் காரிலிருந்து இறங்காமலேயே, "ஏய் அயர்ன், இங்க வா" என்று கூப்பிட்டார். அவள் போனாள், துணியை வாங்கிக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சரியாக ஒரு வருஷம், அவருடைய பேன்ட் ஒவ்வொன்றிலும் இரட்டைக் கோடு விழுந்தது. கேட்டதற்கு, "கரிப்பொட்டி சார், அப்டித்தான் கீறும்" என்றாள். அவர் மாற்றலாகிப் போன அன்று என்னிடம் வந்து, "ஒரு வருசம் அந்தாளு தொடைல ரெண்டு ரோடு போட்டு வெச்சேன் டீச்சர். எல்லாம் பாத்துச் சிரிச்சிருப்பானுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுடைய வன்மம் அடுத்தவர் மேல் விழும்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நான் ஜெயலக்ஷ்மி. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டாவது மாடியில் இருக்கிறேன். இதை எழுதுவதற்கு எனக்கு உள்ள ஒரே தகுதி, இதில் நான் செய்த காரியம்தான். அதனால் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயத்தோடு படிக்க வேண்டாம்.

தேவானை மந்தைவெளிக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் பிறந்தவள். எட்டு வருஷத்துக்கு முன் குடிசைகளை எடுத்தபோது அவளைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் ஏழாவது மாடியில் வைத்தார்கள். அங்கேயே வண்டி போடு என்று பலரும் சொன்னார்கள். "நான் பொறந்த எடத்த வுட்டுத் தொரத்துனானுங்க. தொழிலயும் வுட்டுட்டுப் போவணுமா? தெனமும் வந்து இவனுங்க மூஞ்சிக்கு முன்னால நிப்பேன்" என்றாள். இரண்டு பஸ் மாறி, காலை ஏழரைக்கெல்லாம் வந்து கரியை மூட்டிவிடுவாள். புருஷன் செத்து வெகு நாளாகிறது. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு மிச்சம் இருந்தது தொழிலும் வாயும்தான்.

மூன்றாவது மாடியில் குருபிரசாத், ஸ்ரீரஞ்சனி என்று ஒரு தம்பதி. இருவருக்கும் முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், பார்த்தால் வாய் நிறைய "மாமி". போன ஆனி மாசத்தோடு அவர்கள் தேவானையிடம் துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டிலேயே அயர்ன் பண்ணிக்கொள்கிறோம் என்றார்கள். தேவானைக்குக் கோபம் வந்தது. ஆனால் வாடிக்கை போய்விட்டதே என்கிற கோபம் அவளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. அவள் பழி வாங்குவதெல்லாம் மரியாதை கெட்டவர்களைத்தான்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். அந்த மாசத்திலிருந்துதான் குருபிரசாத் தினமும் ஆபீஸ் வண்டிக்காக, தேவானையின் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்க ஆரம்பித்திருந்தான். அவன் முதுகையும் கையையும் பார்த்துக்கொண்டே அவள் மூன்று நாள் பெட்டி தேய்த்திருக்கிறாள். நான்காவது நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது என்னை நிறுத்தினாள்.

"டீச்சர், மூணாவது மாடில துணி தேய்க்கறது யாரு?"

"அவாளேதான் தேய்ச்சுக்கறா. ஏன்?"

"பெரிய ஆளு தேய்க்கல. கையி தோள்லேந்து மணிக்கட்டு வரிக்கும் கோடு ஒரே இஸ்ப்பா, நடுவுல நிக்காம வரணும். அவன் சட்டைல கைமுட்டியாண்ட கோடு ஒடைஞ்சு கீது. பாதி தேய்ச்சிட்டு, சட்டைய நவுத்தி வெச்சு, மீதியத் தேய்ச்சிருக்கு. கை எட்டல. அப்பால முதுகுல மேல்பட்டி. அங்க ஆளோட கனம் எறங்கணும். எறங்கவேயில்ல, சுருக்கம் அப்டியே கீது. பத்து பதினோரு வயசு, அதுக்கு மேல இல்ல. அந்தூட்ல ஏது டீச்சர் பத்து வயசுக் கொயந்த?"

 அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாட்ச்மேனக் கேட்டேன். ஊர்லேந்து இட்டாந்த பொண்ணு ஒண்ணு கீதாம், கீழயே வராதாம். நீ அந்தூட்டுக்குப் போய் வர ஆளாச்சே. பாத்தியா?"

"இல்லையே தேவானை. நான் பார்க்கலை" என்றேன்.

பார்த்திருந்தேன். நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் கொலு வைப்பது வழக்கம். ஒருநாள் ஒன்பது பெண் குழந்தைகளைக் கூப்பிட்டு மணையில் உட்கார வைத்து, காலுக்கு நலங்கு இட்டு, அம்பாளாகப் பாவித்து நமஸ்காரம் பண்ணுவேன். அந்த முறை எட்டுப் பேர்தான் சேர்ந்தார்கள். ஸ்ரீரஞ்சனி பட்டுப்புடவையில் வந்தாள். அவள் பின்னால் பழத்தட்டை ஏந்திக்கொண்டு ஒரு பெண். பதினோரு வயது இருக்கும், என் வகுப்புப் பிள்ளைகளின் உயரம். "ஊர்ல எங்க நிலத்தைப் பார்த்துக்கறவரோட அண்ணா பொண்ணு மாமி, அப்பா கிடையாது. இங்கே படிக்க வைக்கலாம்னு அழைச்சுண்டு வந்திருக்கோம்" என்றாள். எந்த ஸ்கூல் என்று நான் கேட்கவில்லை. தட்டை வாங்கும்போது அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே சூடு பட்ட தழும்பு இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கூராக இருந்தது.

"எண்ணெய் தெறிச்சுடுத்து மாமி. அடுப்புப் பக்கம் போகாதேன்னு சொன்னா கேக்கறதே இல்லை" என்றாள் ஸ்ரீரஞ்சனி, நான் கேட்பதற்கு முன்பே.

எண்ணெய் தெறித்தால் பொட்டுப் பொட்டாக இருக்கும், கூராக இருக்காது என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாகச் சமைக்கிறேன். அதோடு, அதற்கு இரண்டு மாசம் முன்புதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் பாதுகாப்பு பற்றி ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். காயத்துக்கும் சொல்லும் காரணத்துக்கும் பொருத்தம் இல்லாமல் இருந்தால் கவனிக்க வேண்டும். கேள்வி குழந்தையிடம் போகும்போது பெரியவர்கள் முந்திக்கொண்டு பதில் சொன்னால் கவனிக்க வேண்டும். பள்ளிக்கு அனுப்பாத பிள்ளை, வெளியில் விடாத பிள்ளை, ஆளைப் பார்த்தால் ஒடுங்கும் பிள்ளை, எல்லாம் சொன்னார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அவ்வளவும் தெரிந்த நான், அன்று அந்தப் பெண்ணிடம் ஒரு சுண்டல் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒன்பதாவது மணை காலியாக இருந்தது. அவள் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தாள். நான் எட்டுப் பேருக்கு மட்டும் நலங்கு இட்டுவிட்டு, ஒன்று குறைகிறதே என்று வருத்தப்பட்டேன்.

இதைத்தான் தேவானையிடம் பார்க்கவில்லை என்று சொன்னேன். மேல் வீட்டுக்காரர்களோடு எதற்கு வம்பு என்று தோன்றியது. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

நான் கைவிரித்ததும் தேவானை தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். அன்று சாயங்காலம் குருபிரசாத்தும் ஸ்ரீரஞ்சனியும் காரில் வந்து இறங்கியபோது கேட்டின் நடுவில் போய் நின்றாள். கால்வாய்க் கரையில் சண்டை என்றால் அப்படித்தான். எதிரியை வீட்டு வாசலில் நிறுத்தி, நாலு பேர் கேட்க மானத்தை வாங்கினால் எதிரி அடங்குவான். அவளுக்கு அந்த வித்தை தெரிந்த அளவுக்கு எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

"டேய் கஸ்மாலம்! உன் சட்டக் கோட்டப் பாருடா! எந்தப் பச்சக் கொயந்தய வெச்சுத் தேய்க்கற? வெளில இட்டா அத்த! நாலு பேரு பாக்கட்டும்! பூட்டி வெச்சுக்கினு வேல வாங்கறியே, நீயெல்லாம் படிச்சவனா? அம்மாவும் அய்யாவும் கோயிலுக்கு வேற போய்க்கினு வந்துக்கினு கீறீங்க!"

மற்ற வீட்டு பால்கனிகளில் எல்லாம் ஆள் இருந்தது. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். அரை மணி நேரம் கத்தினாள். ஒருவரும் கீழே இறங்கவில்லை. குருபிரசாத் மனைவியைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினான்.

மறுநாள் காலை தேவானை வருவதற்கு முன்பே அந்தப் பெண்ணைக் காரில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். வாட்ச்மேன் சொன்னபோது தேவானை மூட்டிய கரியைக்கூட விசிறவில்லை. வண்டியின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதிரியை அடக்குகிற வித்தை, எதிரியை உஷார் பண்ணுகிற வித்தையாகிவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருக்கு அனுப்பிவிட்டார்களா, வேறு வீட்டில் தள்ளிவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. அன்று முழுக்க அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. எங்கள் ஃப்ளாட்ஸ்காரர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நானும்தான்.

ஆனால் அவள் சட்டையைப் பார்ப்பதை விடவில்லை. அந்த வாரம் குருபிரசாத் சுருங்கிய சட்டையோடு போனான். அடுத்த திங்கட்கிழமை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். முன்னைவிடக் கோடு கூர்மையாக இருந்ததாம். ஆனால் அதே முழங்கையில், அதே இடத்தில் உடைந்திருந்தது. எவ்வளவு மிரட்டினாலும் ஒரு குழந்தையின் கை ஒரு வாரத்தில் வளர்ந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை இருவரும் எங்கே போகிறார்கள் என்று வாட்ச்மேனிடம் மெதுவாக விசாரித்தாள். கொட்டிவாக்கத்தில் ஸ்ரீரஞ்சனியின் அம்மா வீடு. போகும்போது ஒரு பெரிய துணிப்பை, வரும்போதும் அதே பை. அவளுக்கு அது போதும். பழைய தேவானையாக இருந்தால் அன்றே கொட்டிவாக்கத்துக்கு பஸ் ஏறி, அந்த வீட்டு வாசலில் நின்று கத்தியிருப்பாள். கத்தவில்லை. என் வீட்டுக்கு மாடியேறி வந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் மாடியேறியது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், நீ ஒண்ணும் பாக்கலன்ன. சரி. இஸ்கோல்ல கீறியே, இந்த மாதிரிக்கு யாராண்ட சொல்லணும்னாவது தெரியுமா?"

குழந்தைகள் உதவி எண் என் வகுப்பறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். "பத்து ஒம்போது எட்டு" என்றேன். "பேர் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. என் பேரைச் சொல்லிடாதே."

"உன் பேரு எனக்கு இன்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வண்டியடியில் நின்று, தன் பெயரையும் பெரும்பாக்கம் விலாசத்தையும் கொடுத்துத்தான் போன் செய்தாள். ஷகீலா என்று ஒரு அதிகாரி வந்து அவளிடம் ஒரு மணி நேரம் பேசினாள். சட்டைக் கோட்டைப் பற்றிச் சொன்னபோது சிரிக்காமல் எழுதிக்கொண்டாளாம். இரண்டாம் நாள் போலீஸோடு கொட்டிவாக்கம் போய் அந்தப் பெண்ணை மீட்டார்கள். சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடுகிற இடத்தில், ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று தேய்த்துக்கொண்டிருந்ததாம். பெயரைக் கேட்டதும் தமிழ்மொழி என்று சொல்லியிருக்கிறது. அதுவரை அவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. கையைக் காட்டிக் கேட்டால் "எண்ணெய் தெறிச்சது" என்று ஒப்பித்தது. ஏதாவது சொன்னால் உன் அம்மாவைப் பிடித்து ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். குருபிரசாத் வக்கீல் வைத்தான். படிக்க வைக்கத்தான் அழைத்து வந்தோம், அடுத்த வருஷம் சேர்ப்பதாக இருந்தோம், துணி போடுவதை நிறுத்தியதால் இஸ்திரிக்காரி பழி தீர்க்கிறாள், கேட்டில் நின்று அவள் கத்தியதைப் பதினான்கு வீடும் கேட்டது என்றான். கேட்டதுதான். தேவானை வன்மக்காரி என்பதற்கு ஊரே சாட்சி. பேங்க் மேனேஜரின் பேன்ட் கதைகூட வெளியே வந்தது. அந்தப் பெண்ணை இங்கே சேர்த்துவிட்ட சித்தப்பாவே வந்து, என்னிடம் கொடுங்கள், ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்று மனு கொடுத்தான். அவனோடு போனால் அடுத்த மாசம் வேறொரு ஊரில் வேறொரு ஸ்டூல் மேல் நிற்பாள் என்பது எல்லோருக்கும் தெரியும். குழந்தைகள் நலக் குழு வெள்ளிக்கிழமை கூடி முடிவு செய்வதாக இருந்தது.

புதன்கிழமை எங்கள் சங்கச் செயலாளர் ஸ்ரீநாத் ஒரு கடிதத்தோடு வந்தார். குருபிரசாத் தம்பதி பண்பானவர்கள், அவர்கள் வீட்டில் எந்தக் குழந்தையும் துன்புறுத்தப்பட்டதாக நாங்கள் அறியோம் என்று எழுதி, கீழே பன்னிரண்டு வீட்டுக் கையெழுத்து.

"உங்களதுதான் பாக்கி மாமி. ஃப்ளாட்ஸ் பேர் கெட்டுப் போயிடக் கூடாது பாருங்கோ" என்றார்.

போட்டுவிட்டேன். காபி வேண்டுமா என்றும் கேட்டேன்.

மறுநாள் காலை வாசல் மணி அடித்தது. தேவானை. நான் போட்டிருந்த ஏழு புடவையும் தேய்க்காமல், நான் கொடுத்த மூட்டையிலேயே இருந்தது. அதை வாசற்படியில் வைத்தாள். கத்துவாள் என்று பயந்தேன். மிகவும் சன்னமாகப் பேசினாள்.

"ஷகீலாம்மா சொல்லிச்சு. பதிமூணு கையெழுத்தாமே. உன்னிதும் கீதாமே."

"தேவானை, அது எல்லாரும் போட்டது..."

"நில்லு. ஒரு சேதி சொல்றேன். ஒம்போது வயசுல என்ன தியாகராய நகர்ல ஒரு வூட்ல வுட்டாங்க. தப்பு பண்ணா மொட்ட மாடில வெறுங்காலோட முட்டி போட வெப்பா அந்தம்மா. சித்திர மாசம், பன்னெண்டு மணி. தோலு உரிஞ்சிடும். பக்கத்து மாடில ஒருத்தி வடாம் காய வெப்பா. தெனம் பாப்பா என்ன. நானும் பாப்பேன். இன்னிக்குக் கேப்பா, இன்னிக்குக் கேப்பான்னு பாத்துக்கினே இருப்பேன். ஒரு நாளு நேராப் பாத்தா. பாத்துட்டு, நடுவுல ஒரு பொடவயக் கட்டித் தொங்க வுட்டா. அவ வடாம் மேல என் நெழலு விழுதாம். முட்டி போட வெச்சவ போய்ச் சேந்துட்டா. அவள நான் எப்பவோ வுட்டுட்டேன். வடாம் போட்டவள வுடல. நாப்பது வருசமா தேடிக்கினு கீறேன். கெடச்சா ஒரே வார்த்த கேக்கணும்னு."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் அன்னிக்குப் பாத்தியான்னு கேட்டப்போ உன் மூஞ்சி மாறுச்சு டீச்சர். இருவத்திரெண்டு வருசமா மூஞ்சியும் துணியும் பாத்துப் பொயக்கறவ நானு. நீ பாத்திருக்க. நாளைக்கு அந்தப் பொண்ண ஆளு இட்டுனு பூடும். என் பேச்சு அங்க எடுபடாது. நான் கெட்டவ. நீ நல்லவ, இஸ்கோல் டீச்சரு, உன் பேச்சு எடுபடும். உன்னாண்ட நான் கெஞ்ச மாட்டேன். வந்து சொல்லு, இல்ல சொல்லாத. ஆனா சொல்லலன்னா, நீ சாவுற வரிக்கும் இந்தக் கேட்டாண்டதான் நிப்பேன். தெனமும் நீ என்னத் தாண்டித்தான் போவணும்."

அவள் போன பிறகு நான் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்கு அவள் மேல் வந்தது ஆத்திரம். யார் இவள் என்னை மிரட்ட? பிறகு அந்த ஆத்திரம் ஸ்ரீநாத் மேல் போயிற்று, எண்ணெய் தெறித்தது என்று கூசாமல் சொன்ன ஸ்ரீரஞ்சனி மேல் போயிற்று. என் வீட்டில் எட்டுக் குழந்தைகள் காலில் நான் விழுந்து கும்பிட்டதை, அந்த ஒருத்தி பட்டுப்புடவையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளே. அவளை விடக்கூடாது என்று முதல்முறையாக எனக்கு வெறி வந்தது. நல்ல எண்ணத்தில் போனேன் என்று சொன்னால் பொய். பழி வாங்கத்தான் வெள்ளிக்கிழமை ஆட்டோ ஏறினேன். அந்தப் பழியில் எனக்கும் ஒரு பங்கு விழும் என்று அப்போது யோசிக்கவில்லை.

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். கொலு அன்று நடந்ததைச் சொன்னேன். கடிதத்தில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

"தழும்பை நீங்களே பார்த்தீர்களா?" என்று தலைவி கேட்டார்.

"பார்த்தேன். வலது கை. முழங்கைக்குக் கீழே."

"எத்தனை?"

"ரெண்டு."

தலைவி எதிரில் இருந்த டாக்டர் அறிக்கையைப் புரட்டினார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஏன் அன்றே சொல்லவில்லை என்றாவது கேட்டிருக்கலாம்.

வெளியே மரத்தடி பெஞ்சில் தேவானை உட்கார்ந்திருந்தாள். நான் தள்ளி உட்கார்ந்தேன்.  இரண்டு மணி நேரம் கழித்து ஷகீலா வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பேசிட்டா" என்றாள். "கொலு மாமி வந்து எல்லாம் சொல்லிட்டாங்க, உங்கம்மாவை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு சொன்னோம். அப்புறம்தான் வாயைத் திறந்தா. சித்தப்பாவோட அனுப்பலை. அம்மாவை நேர்ல வரச் சொல்லியிருக்கோம். அதுவரைக்கும் இல்லத்துல இருப்பா, பள்ளிக்கூடத்துல சேர்க்கறோம். கேஸ் இனி நிக்கும். அவங்க ரெண்டு பேரும் உள்ள போவாங்க."

தேவானை கண்ணை மூடிக்கொண்டு, "போவட்டும். அழுகட்டும். களி துன்னட்டும்" என்றாள். எனக்கும் உள்ளே குளிர்ந்தது. ஸ்ரீரஞ்சனியை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து மனதுக்குள் பார்த்துக்கொண்டேன்.

"எப்பிடி சூடு வெச்சாளாம்?" என்று தேவானை கேட்டாள்.

ஷகீலா தயங்கினாள். "இதையெல்லாம் நான் வெளியே சொல்லக் கூடாது."

"சட்டையப் பாத்துக் கண்டுபுடிச்சவ நானும்மா."

"அயர்ன் பாக்ஸ் முனையாலதான். சட்டையில கோடு உடைஞ்சா ஒரு சூடு. டாக்டர் எட்டுன்னு எழுதியிருக்கார். ஒவ்வொண்ணும் எப்போன்னு அந்தப் பொண்ணுக்கு ஞாபகம் இருக்கு. கடைசி ஒண்ணு, நீங்க கேட்டுல நின்னு கத்தின அன்னைக்கு. உன்னாலதான்டி கீழே இருக்கறவ எங்க மானத்தை வாங்கினான்னு சொல்லிக்கிட்டே வெச்சாளாம்."

ஷகீலா உள்ளே போய்விட்டாள். தேவானை தன் இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று நினைத்து, அவள் தோளைத் தொடப் போனேன்.

"கொலுவன்னிக்கு நீ எத்தினி பாத்த?" என்று கேட்டாள், நிமிராமல்.

"ரெண்டு."

"எட்டுல ரெண்டு போனா ஆறு. அதுல ஒண்ணு என்னிது, டீச்சர். கோவத்துல கத்துனேன் பாரு, அதுக்கு வெச்சது. அத்த நான் சாவுற வரிக்கும் வெச்சுக்கறேன்." எழுந்து புடவையை உதறிச் செருகிக்கொண்டாள். "மீதி அஞ்சு உன்னிது."

சொல்லிவிட்டு, பெரும்பாக்கம் பஸ் பிடிக்கத் தெருவில் இறங்கி நடந்தாள்.